மெய்நிகர் சர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருளுக்கு எந்த இயங்குதளம் வேண்டும்? நெல்லை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசி என்று இந்த வட்டாரத்தில் எந்தக் கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ அரிசி ஆலைக்கோ போனாலும் இப்போது ஒரு சிறிய சர்வர் அறை இருக்கிறது. ஐந்தாறு பழைய சர்வர்கள் செய்துகொண்டிருந்த வேலையை இரண்டு புதிய சர்வர்களில் மெய்நிகர் கணினிகளாக (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடுபவை) மாற்றிவிட்டார்கள். அவற்றை நிர்வகிக்கும் மென்பொருளை எந்த இயங்குதளத்தில் நிறுவுவது என்ற கேள்வி மட்டும் எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் எழுகிறது. வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது. எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

ஹைப்பர்வைசர், மேலாண்மை மென்பொருள் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஹைப்பர்வைசர் என்பது வன்பொருளின் மீது நேராக உட்கார்ந்து, சிபியு, ரேம், டிஸ்க் ஆகியவற்றை மெய்நிகர் கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி, லினக்ஸில் உள்ள கேவிஎம், ஸென் ஆகியவை அந்த வகை. மேலாண்மை மென்பொருள் என்பது பல ஹோஸ்ட்களை, அதாவது ஹைப்பர்வைசர் ஓடும் சர்வர்களை, ஒரே திரையில் கொண்டுவந்து, மெய்நிகர் கணினிகளை உருவாக்கவும் இடம் மாற்றவும் உதவுவது. விஎம்வேரின் விசென்டர், மைக்ரோசாஃப்டின் எஸ்சிவிஎம்எம் போன்றவை அந்த வகை.

ஆகவே ஒரே சர்வர் அறையில் நான்கு இடங்களில் இயங்குதளக் கேள்வி வருகிறது: ஹோஸ்டில் ஒன்று, மேலாண்மை மென்பொருளுக்கு ஒன்று, மெய்நிகர் கணினிக்குள் ஒன்று, நிர்வாகி உட்காரும் மேசைக் கணினியில் ஒன்று. நான்குக்கும் தனித்தனிப் பட்டியலைத் தயாரிப்பாளர்கள் வெளியிடுகிறார்கள். "விண்டோஸ் சர்வர் 2012 ஆதரவு உண்டு" என்று ஓரிடத்தில் படித்தால், அது மெய்நிகர் கணினிக்குள் ஓடுவதற்கான ஆதரவா, மேலாண்மை மென்பொருளை அதன்மேல் நிறுவுவதற்கான ஆதரவா என்று பாருங்கள். எங்களிடம் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி, ஒரு பட்டியலை இன்னொன்றாக நினைத்துப் படித்ததால் வந்தவை.

எங்களிடம் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 உரிமம் சும்மா கிடக்கிறது. மேலாண்மை மென்பொருளுக்கு அதையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் நீட்டித்த ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்துவிட்டது. தனியாகப் பணம் கட்டிப் பெறும் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்கு அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. கணக்குப் பிரிவில் ஒரு பழைய கணினி ஓடுவதும் இதுவும் ஒன்றல்ல. மேலாண்மை சர்வரில் நுழைந்தவர் உங்கள் நிறுவனத்தின் எல்லா மெய்நிகர் கணினிகளிலும் நுழைந்தவர் ஆகிறார். மிரட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்கள் முதலில் தேடுவதும் இந்தச் சர்வரைத்தான். சர்வர் அறையில் எது பழையதாக இருந்தாலும், இது பழையதாக இருக்கக் கூடாது.

விண்டோஸ் சர்வர் 2016க்கு 2027 ஜனவரி 12 வரையும், 2019க்கு 2029 ஜனவரி 9 வரையும், 2022க்கு 2031 அக்டோபர் 14 வரையும் ஆதரவு உண்டு. இன்று புதிதாக நிறுவுகிறவர்கள் 2016ஐத் தொடவே வேண்டாம்.

விசென்டரை விண்டோஸில் நிறுவலாமா?

முன்பு முடிந்தது. 6.7 பதிப்புதான் விண்டோஸில் நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு. 2020 ஏப்ரலில் வந்த 7.0 முதல் விசென்டர், தயாராகக் கட்டி வரும் மெய்நிகர் கணினியாக மட்டுமே கிடைக்கிறது. அதன் உள்ளே இருப்பது விஎம்வேரே பராமரிக்கும் ஃபோட்டான் ஓஎஸ் என்ற லினக்ஸ். நீங்கள் இயங்குதளம் தேர்ந்தெடுக்க அதில் இடமே இல்லை. தனியாக விண்டோஸ் உரிமமும் வேண்டாம், எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் உரிமமும் வேண்டாம்.

6.5, 6.7 இரண்டின் பொது ஆதரவும் 2022 அக்டோபர் 15 அன்று முடிந்தது. 7.0வுக்கு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்தது. இன்னும் விண்டோஸில் விசென்டர் ஓடுகிறது என்றால் உங்களுக்குக் காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது. 6.7இலிருந்து 8.0வுக்கு நேராக ஏறலாம். விண்டோஸ் நிறுவல் அந்த வழியிலேயே ஃபோட்டானுக்கு மாற்றப்பட்டுவிடும். 6.5இல் இருப்பவர்கள் நடுவில் ஒரு படி நின்றுதான் 8.0வுக்குப் போக முடியும்.

தயாராகக் கட்டி வருகிறது என்றால் இயங்குதளக் கவலை தீர்ந்துவிட்டதா?

தேர்ந்தெடுக்கும் கவலை தீர்ந்தது. பராமரிக்கும் கவலை தீரவில்லை. இதை விற்பவர்கள் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அளவு. விசென்டர் 8.0வின் மிகச் சிறிய அளவுக்கே 2 சிபியு, 14 ஜிபி ரேம் வேண்டும். அது 10 ஹோஸ்ட், 100 மெய்நிகர் கணினி வரை தாங்கும். நம் ஊர்க் கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ அதுவே தாராளம். ஆனால் 32 ஜிபி ரேம் உள்ள சர்வரை வாங்கிவிட்டு, அதில் 14 ஜிபியை மேலாண்மைக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அறியும்போது பலருக்கு முகம் மாறிவிடுகிறது. மூன்று, நான்கு மெய்நிகர் கணினி மட்டுமே வைத்திருப்பவருக்கு விசென்டரே தேவையில்லை. இஎஸ்எக்ஸ்ஐயின் சொந்த இணையப் பக்கத்திலிருந்தே அவற்றை நிர்வகிக்கலாம்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது கணினியின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை. விசென்டருக்குக் கொடுக்கும் முழுப் பெயர், பெயரிலிருந்து ஐபி முகவரிக்கும் ஐபியிலிருந்து பெயருக்கும் இரண்டு திசையிலும் சரியாகத் திரும்ப வேண்டும். இது இல்லாமல் நிறுவினால் இரண்டாம் கட்டத்தில் நின்றுவிடும். பிழைச் செய்தியைப் பார்த்து டிஎன்எஸ்தான் காரணம் என்று உடனே புரிந்துகொள்ள முடியாது. எங்களைத் தொலைபேசியில் அழைப்பவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

பிறகு, உள்ளே இருக்கும் லினக்ஸில் முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல். இயல்பு அமைப்பில் அது 90 நாளில் காலாவதியாகும். தினமும் உலாவியில் வேறு கணக்கில் நுழைகிறவர்களுக்கு இது தெரியாது. அவசரத்துக்கு ரூட்டாக நுழைய வேண்டிய இரவில்தான் தெரியவரும். காலாவதி வேண்டுமா வேண்டாமா என்பதை நிறுவும் நாளிலேயே முடிவு செய்து, எழுதி வையுங்கள்.

கடைசியாகப் பதிவேடுகள் (லாக்) சேரும் டிஸ்க் பகுதி. அது நிரம்பினால் விசென்டரின் சேவைகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் நிர்வாகத் திரை வராது. மாதம் ஒரு முறை 5480 போர்ட்டில் உள்ள பராமரிப்புப் பக்கத்தைத் திறந்து டிஸ்க் அளவுகளைப் பாருங்கள்.

எஸ்சிவிஎம்எம்முக்கு என்ன வேண்டும்?

சிஸ்டம் சென்டர் வர்ச்சுவல் மெஷின் மேனேஜர் என்ற மைக்ரோசாஃப்டின் இந்த மென்பொருளுக்கு நிபந்தனைகள் கண்டிப்பானவை. ஒவ்வொரு பதிப்பும் குறிப்பிட்ட விண்டோஸ் சர்வர் பதிப்புகளில் மட்டுமே நிற்கும். எடுத்துக்காட்டாக 2019 பதிப்பு விண்டோஸ் சர்வர் 2016, 2019 இரண்டில் மட்டும் நிறுவப்படும். 2012 ஆர்2வில் நிறுவ முடியாது. அந்தச் சர்வர் டொமைனில், அதாவது பயனர் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் நெட்வொர்க்கில், சேர்ந்திருக்க வேண்டும். கூடவே முழு எஸ்கியூஎல் சர்வர் வேண்டும். இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு போதாது.

சர்வரின் பெயரிலும் கவனம் தேவை. 15 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. கல்லூரிப் பெயர், துறைப் பெயர், கட்டடப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து நீளமாக வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சர்வருக்கு அது ஆகாது.

எங்களிடம் இரண்டே ஹைப்பர்-வி ஹோஸ்ட்தான். எஸ்சிவிஎம்எம் கட்டாயமா?

கட்டாயமே இல்லை. விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வி மேனேஜரும் ஃபெயிலோவர் கிளஸ்டர் மேனேஜரும் போதும். உலாவியில் பார்க்க விரும்பினால் விண்டோஸ் அட்மின் சென்டர் இலவசமாகவே கிடைக்கிறது. அது விண்டோஸ் 10, 11 மேசைக் கணினியிலும் நிற்கும். விண்டோஸ் சர்வர் 2016 முதல் உள்ள சர்வர்களிலும் நிற்கும். ஐம்பது மெய்நிகர் கணினி இல்லாத நிறுவனம் எஸ்சிவிஎம்எம்முக்கும் எஸ்கியூஎல் சர்வருக்கும் செலவழிப்பதைவிட, அந்தப் பணத்தில் காப்புப் பிரதிக்கு நல்ல ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

டொமைன் கன்ட்ரோலர் சர்வரிலேயே மேலாண்மை மென்பொருளையும் நிறுவிவிடலாமா? அது நாள் முழுவதும் சும்மாதானே இருக்கிறது?

கூடாது. டொமைன் கன்ட்ரோலர் என்பது டொமைனின் பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர். விண்டோஸ் அட்மின் சென்டரை டொமைன் கன்ட்ரோலரில் நிறுவ முடியாது. விண்டோஸில் ஓடிய பழைய விசென்டரும் அதை மறுத்தது. நிறுவ அனுமதிக்கும் மென்பொருளாக இருந்தாலும் செய்யாதீர்கள். பயனர் கணக்குகளின் சாவியும் மெய்நிகர் கணினிகளின் சாவியும் ஒரே இடத்தில் இருந்தால், ஒரு ஓட்டையில் இரண்டும் போய்விடும்.

விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமத்தில் மேலாண்மை மெய்நிகர் கணினியும் கணக்கில் சேருமா?

சேரும். ஒரு சர்வரின் எல்லா கோர்களுக்கும் ஸ்டாண்டர்டு உரிமம் வாங்கினால் அதில் இரண்டு விண்டோஸ் சர்வர் மெய்நிகர் கணினிகள் ஓடலாம். குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும். ஹோஸ்டில் உள்ள விண்டோஸை, மெய்நிகர் கணினிகளை நடத்தவும் நிர்வகிக்கவும் மட்டும் பயன்படுத்தினால்தான் அந்த இரண்டும் முழுமையாகக் கிடைக்கும். ஹோஸ்டிலேயே கோப்புப் பகிர்வு, பிரிண்டர் என்று வேலை கொடுத்தால் ஒன்று குறைந்துவிடும். மேலாண்மைக்கு ஒரு விண்டோஸ் மெய்நிகர் கணினி, டொமைன் கன்ட்ரோலருக்கு ஒன்று என்றால் இரண்டும் தீர்ந்தது. மருத்துவமனை மென்பொருள் ஓடும் மூன்றாவது விண்டோஸ் மெய்நிகர் கணினிக்காக, எல்லா கோர்களுக்கும் இன்னொரு முறை உரிமம் வாங்க வேண்டியிருக்கும். விலைப்பட்டியலில் இதைச் சேர்க்காமல் விட்டுவிட்டுப் பிறகு கேட்டு வருகிறார்கள். டேட்டாசென்டர் பதிப்பில் இந்தக் கணக்கு இல்லை, ஆனால் விலை பல மடங்கு.

பிராக்ஸ்மாக்ஸ் எந்த இயங்குதளத்தில் ஓடும்?

பிராக்ஸ்மாக்ஸ் விஇ என்ற மெய்நிகராக்க மென்பொருள் தன் இயங்குதளத்தைத் தானே கொண்டுவருகிறது. 2023 ஜூனில் வந்த 8ஆம் பதிப்பு டெபியன் லினக்ஸ் 12இன் மேலும், 2025 ஆகஸ்டில் வந்த 9ஆம் பதிப்பு டெபியன் 13இன் மேலும் கட்டப்பட்டவை. ஹைப்பர்வைசரும் மேலாண்மைப் பக்கமும் ஒவ்வொரு ஹோஸ்டிலும் சேர்ந்தே இருக்கின்றன. 8006 போர்ட்டில் எந்த ஹோஸ்டைத் திறந்தாலும் முழுக் கிளஸ்டரும், அதாவது ஒன்றாக இணைத்த எல்லா ஹோஸ்ட்களும், தெரியும். தனி மேலாண்மை சர்வர் வேண்டாம் என்பதுதான் சிறிய நிறுவனங்களுக்கு இதில் உள்ள பெரிய லாபம். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றிய பிறகு, இந்தப் பக்கம் திரும்பியவர்கள் நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள்.

இயங்குதளத்துக்கும் மேலாண்மைச் சேவைகளுக்கும் 2 ஜிபி ரேம் போதும். இசட்எஃப்எஸ் சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு டெராபைட்டுக்கும் ஏறத்தாழ 1 ஜிபி கூடுதலாக ஒதுக்குங்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் ரேமை முழுவதும் மெய்நிகர் கணினிகளுக்குப் பங்கு போட்டுவிட்டு, ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்கிறவர்கள் அதிகம்.

உபுண்டு அல்லது பாஸ் லினக்ஸ் மேல் பிராக்ஸ்மாக்ஸை நிறுவலாமா?

உபுண்டுவில் ஆதரவு இல்லை. பாஸ் லினக்ஸ் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. நம் கல்லூரி ஆய்வகங்களில் பலர் பழகியது. அதனால் இந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனாலும் டெபியனிலிருந்து கிளைத்த எதுவும் டெபியன் ஆகிவிடாது. மென்பொருள் பொதிகளின் பதிப்பு எண்ணும் கெர்னலும் மாறியிருக்கும், அடுத்த மேம்படுத்தலில் உடையும். பிராக்ஸ்மாக்ஸ் தரும் நிறுவல் கோப்பிலிருந்தே நேராக நிறுவுங்கள். டெபியன் மேல்தான் நிறுவ வேண்டும் என்ற சூழ்நிலை வந்தால், அந்தப் பதிப்புக்கு உரிய டெபியனையே எடுங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் பெயர் 127.0.1.1 என்று இருந்தால் அதை நீக்கி, உண்மையான ஐபி முகவரியை எழுதுங்கள். அந்த ஒரு வரியால் மேலாண்மைப் பக்கம் வராமல் போகும்.

இரண்டு ஹோஸ்ட் வைத்துக் கிளஸ்டர் அமைத்தால் போதுமா?

பெரும்பான்மை வாக்கு இருந்தால்தான் பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் மாற்றங்களை அனுமதிக்கும். இரண்டில் ஒன்று விழுந்தால் மிஞ்சிய ஒன்றுக்குப் பெரும்பான்மை இல்லை. ஆகையால் மூன்றாவது வாக்கு வேண்டும். மூன்றாவது சர்வருக்குப் பணம் இல்லை என்றால், டெபியன் ஓடும் ஒரு சிறிய கணினியில் கியூடிவைஸ் சேவையை நிறுவி வாக்காளராக மட்டும் வைக்கலாம். ராஸ்பெரி பை கூடப் போதும். அதை இரண்டு ஹோஸ்ட்களில் ஒன்றின் உள்ளேயே மெய்நிகர் கணினியாக வைப்பதில் பயனில்லை.

சென்ட்ஓஎஸ் லினக்ஸ் மேல் ஓவிர்ட் மேலாண்மை மென்பொருள் வைத்திருந்தோம். இப்போது என்ன செய்வது?

வெளியே வரத் திட்டமிடுங்கள். சென்ட்ஓஎஸ் 8இன் ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்றும், சென்ட்ஓஎஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்றும் முடிந்துவிட்டன. ஓவிர்ட்டை அடிப்படையாகக் கொண்ட தன் வணிகத் தயாரிப்பையும் ரெட்ஹேட் கைவிட்டுவிட்டது. மென்பொருளில் ஒரு குறையும் இல்லாமலேயே அது நின்ற தரை போய்விட்டது. மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் கோப்புகள் கியூகவ்2 வடிவத்திலோ ரா வடிவத்திலோ இருப்பதால், கேவிஎம்மையே பயன்படுத்தும் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றுவது பெரும்பாடு அல்ல.

32 பிட் சர்வர் ஒன்று இருக்கிறது.

எதற்கும் ஆகாது. இங்கே சொன்ன எல்லாவற்றுக்கும் 64 பிட் சிபியு வேண்டும். ஹைப்பர்-வி, இஎஸ்எக்ஸ்ஐ, கேவிஎம் மூன்றுக்கும் பயாஸில் மெய்நிகராக்க வசதியும் இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

மேலாண்மை சர்வரையே அது நிர்வகிக்கும் ஹோஸ்ட்களில் மெய்நிகர் கணினியாக வைக்கலாமா?

வைக்கலாம், பெரும்பாலோர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து எழும் நாளை நினைத்துப் பார்த்து வைக்க வேண்டும். நம் ஊரில் அந்த நாள் கற்பனை அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி, கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் வர வழியில்லாமல் சர்வர்கள் அணைந்த இடங்கள் பல.

மின்சாரம் திரும்பியதும் நடப்பதைப் பாருங்கள். சர்வர்கள் தாமாகவே எழுகின்றன. தனியாக இருக்கும் சேமிப்புப் பெட்டி எழ அவற்றைவிட அதிக நேரம் எடுக்கிறது. ஹோஸ்ட் தேடும்போது டிஸ்க் அங்கே இல்லை. மெய்நிகர் கணினிகள் எல்லாம் அணுக முடியாதவை என்று சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. அவற்றில் ஒன்று டொமைன் கன்ட்ரோலர், அதுதான் டிஎன்எஸும். இன்னொன்று விசென்டர். விசென்டரைத் திறக்கப் பெயர் தெரிய வேண்டும், பெயர் தெரிய டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸை எழுப்ப விசென்டரைத் திறக்க வேண்டும் என்று நிர்வாகி நினைத்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த முடிச்சை அவிழ்க்க வழி உண்டு. ஒவ்வொரு இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டையும் அதன் ஐபி முகவரியை உலாவியில் தட்டி ரூட்டாக நேரே திறக்கலாம். சேமிப்புப் பெட்டி எழுந்ததை உறுதிசெய்து, சேமிப்பை மறுபடி தேடச் சொல்லி, முதலில் டொமைன் கன்ட்ரோலரை இயக்குங்கள். அது முழுதாக எழுந்த பிறகு விசென்டர். அதற்குப் பிறகுதான் மற்றவை. விசென்டர் இல்லாத நேரத்திலும் ஏற்கெனவே ஓடுகிற மெய்நிகர் கணினிகள் நிற்பதில்லை. ஓடும்போதே ஹோஸ்ட் மாற்றும் வசதி மட்டும் கிடைக்காது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் சர்வர் ரேக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. லேமினேட் செய்தது, ஓரத்தில் தேதியும் கையெழுத்தும். முதல் வரியில் ஸ்விட்ச், அடுத்து சேமிப்புப் பெட்டி, "பச்சை விளக்கு இரண்டும் நிலையாக எரியும் வரை காத்திரு" என்று சிவப்பு மையில். அதன் கீழே ஹோஸ்ட்களின் ஐபி முகவரிகள், எந்த ஹோஸ்டில் டொமைன் கன்ட்ரோலர் இருக்கிறது என்ற குறிப்பு, பிறகு விசென்டர். கடவுச்சொல் தாளில் இல்லை; அது அலுவலகப் பெட்டகத்தில் ஒட்டிய உறையில் இருக்கிறது. இப்படி ஒரு தாள் இல்லாத சர்வர் அறை இந்த மாவட்டத்தில் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆசை.

இன்னும் இரண்டு முன்னேற்பாடுகள். ஒரு டொமைன் கன்ட்ரோலரையாவது சேமிப்புப் பெட்டியில் வைக்காமல், ஏதாவது ஒரு ஹோஸ்டின் சொந்த டிஸ்க்கில் வையுங்கள். விசென்டரை டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சில், அதாவது எல்லா ஹோஸ்ட்களுக்கும் பொதுவான மெய்நிகர் ஸ்விட்சில், இணைத்திருந்தால், எஃபெமரல் வகையில் ஒரு போர்ட் குழுவை மீட்புக்காக முன்பே உருவாக்கி வையுங்கள். வழக்கமான வகையில் புதிய இணைப்பு கொடுக்க விசென்டரே தேவைப்படும். எஃபெமரல் வகையில் ஹோஸ்டிலிருந்தே இணைத்துவிடலாம்.

நிர்வாகியின் மேசைக் கணினியில் என்ன இயங்குதளம் வேண்டும்?

விசென்டர், பிராக்ஸ்மாக்ஸ் இரண்டுக்கும் புதிய உலாவி இருந்தால் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவானாலும் சரி. பழைய விசென்டர் திரைகள் ஃபிளாஷை நம்பியிருந்தன. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு ஃபிளாஷுக்கு ஆதரவு இல்லாததால், அதற்காகவே பழைய உலாவியோடு ஒரு கணினியைப் பத்திரப்படுத்தியிருப்பவர்கள் உண்டு. அந்தக் கணினிதான் உங்கள் அறையிலேயே ஆபத்தானது. ஹைப்பர்-வி மேனேஜருக்கும் எஸ்சிவிஎம்எம் கன்சோலுக்கும் விண்டோஸ் தேவை. விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி வராது, புரோ அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் கவனியுங்கள். இதே கணினியில் மின்னஞ்சல் பார்ப்பது, வாட்ஸ்அப் திறப்பது, பென் டிரைவ் செருகுவது எதையும் செய்ய வேண்டாம்.

கணக்குப் பிரிவுக்கு விண்டோஸ் 7இல் ஓடும் பழைய மென்பொருள் இருக்கிறது. மெய்நிகர் கணினியாக வைத்தால் மேலாண்மை மென்பொருள் ஒப்புக்கொள்ளுமா?

பொதுவாக ஓடும். ஓடுவது வேறு, ஆதரவு இருப்பது வேறு. அதற்கு இணைய இணைப்பு கொடுக்காமல், தனி நெட்வொர்க்கில் வையுங்கள். மேலாண்மை சர்வர் இருக்கும் நெட்வொர்க்கில் அது ஒருபோதும் இருக்கக் கூடாது.

எதை முதலில் மேம்படுத்துவது? எப்போது?

விஎம்வேரில் முதலில் விசென்டர், பிறகு இஎஸ்எக்ஸ்ஐ. விசென்டர் தன்னைவிடப் புதிய முதன்மைப் பதிப்பு ஹோஸ்டை ஏற்காது. பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு ஹோஸ்டாகக் காலிசெய்து மேம்படுத்துங்கள். ஹைப்பர்-வியில் இன்னொன்றும் உண்டு: மெய்நிகர் கணினியின் உள்ளமைப்புக்கு ஒரு பதிப்பு எண் இருக்கிறது. 2016இல் 8.0, 2019இல் 9.0, 2022இல் 10.0. அதை உயர்த்திவிட்டால் பழைய ஹோஸ்டுக்குத் திரும்ப வழியில்லை. புதிய ஹோஸ்ட்கள் சில வாரம் ஒழுங்காக ஓடிய பிறகே உயர்த்துங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, கல்லூரிகளுக்கு மே மாத விடுமுறை. அரிசி ஆலைகளுக்குப் பிசான நெல் வரத்து ஓய்ந்த பிறகு. மருத்துவமனைக்கு ஓய்வுக் காலமே இல்லை. அதனால்தான் அங்கே இரண்டு ஹோஸ்ட் கண்டிப்பாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் யாரும் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

நேர ஒத்திசைவு ஏன் முக்கியம்?

ஹோஸ்ட், விசென்டர், டொமைன் கன்ட்ரோலர் மூன்றின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் உள்நுழைவே தடுமாறும். அது தவிர, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களின் கணினிகள் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு இணைந்திருக்க வேண்டும் என்கிறது. பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உள்ளது. மேலாண்மை சர்வரின் பதிவேடுகளைத் தனியாக ஒரு பதிவேட்டுச் சர்வருக்கு அனுப்ப இதுவும் ஒரு காரணம்.

விலைப்பட்டியல் கேட்கும்போது எதையெல்லாம் எழுதிக் கேட்க வேண்டும்?

மேலாண்மை மென்பொருளின் பெயரை மட்டும் எழுதாமல், சரியான பதிப்பு எண்ணை எழுதுங்கள். அது எந்த இயங்குதளத்தில் நிறுவப்படும், அந்த இயங்குதளத்தின் ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது, அதற்கான உரிமம் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மென்பொருளுக்கும் அடியில் உள்ள இயங்குதளத்துக்கும் முடிவுத் தேதி வேறு வேறாக இருந்தால், எது முன்னால் வருகிறதோ அதுவே உங்கள் தேதி. தரப்போகும் சர்வர் மாடலும் சேமிப்புக் கன்ட்ரோலரும் ஹைப்பர்வைசர் தயாரிப்பாளரின் பொருந்தும் வன்பொருள் பட்டியலில் இருப்பதற்கான அச்சுப் பிரதியையும் இணைக்கச் சொல்லுங்கள். இஎஸ்எக்ஸ்ஐ என்றால் எஸ்டி கார்டிலோ பென் டிரைவிலோ நிறுவித் தருவதை ஏற்க வேண்டாம், 7.0 முதல் குறைந்தது 32 ஜிபி உள்ள நிலையான டிஸ்க்கையே கேளுங்கள்.

மேலாண்மை சர்வரின் உள்ளமைப்பைக் காப்புப் பிரதி எடுத்து, வேறொரு ஹோஸ்டில் அதைத் திரும்ப நிறுவி, உங்கள் கண் முன்னே இயக்கிக் காட்ட வேண்டும் என்பதையும் நிபந்தனையாக எழுதுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.